சஹருக்கு மூன்று கரண்டி

எகிப்தின் மரச்சாமான் ஊரான எங்கள் தம்யாத்தில் பட்டம் வாங்குவதற்குப் படிக்க வேண்டியதில்லை. ரம்பம் பிடித்தவன் இன்ஜினியர். மூக்குக்கண்ணாடி போட்டவன் டாக்டர். கார் வைத்திருப்பவன் பாஷா. அதுவும் தவணையில் வாங்கியிருந்தால் பெரிய பாஷா. இரண்டு அக்குளிலும் பக்கத்துக்கொரு தர்பூசணியை இடுக்கிக்கொண்டவன் மாதிரி, கையை உடம்போடு ஒட்டவிடாமல் நடப்பவன் கேப்டன்.

எங்கள் சந்துக்குக் கேப்டன் ஷவ்கி. அவன் எந்தக் கப்பலையும் ஓட்டியதில்லை, எந்த அணிக்கும் தலைவனாக இருந்ததில்லை. கட்டில் பலகைகள் அடுக்கிக் கிடந்த ஒரு கிடங்கைக் காலி செய்து, சுவரெல்லாம் கண்ணாடி ஒட்டி, 'இரும்பு அரண்மனை' என்று பலகை மாட்டினான். அவ்வளவுதான், கேப்டன் ஆகிவிட்டான். பலகைகள் போனாலும் வார்னிஷ் வாடை போகவில்லை. "மூச்சை நல்லா இழு வஹ்ஷ்!" என்று அவன் கத்தும்போதெல்லாம் பையன்கள் இழுத்ததில் பாதி வார்னிஷ்தான். வஹ்ஷ் என்றால் காட்டுமிருகம். எங்கள் ஊரில் ஒருவனை அப்படிக் கூப்பிட்டால் அவன் மார்பு ஒரு விரற்கடை முன்னே வரும். கேப்டன் விற்ற பொடிக்கும் அதுதான் பெயர். கறுப்பு டப்பா, மேலே மிருகத்தின் பல். கூடவே 'ராக்கெட்' என்று ஒரு பானம், நீல டின்னில். பொடியைக் கலக்குவதற்குத் தண்ணீரைவிட ராக்கெட்தான் பொருத்தம் என்பது கேப்டனின் சொந்த ஆராய்ச்சி.

எங்கள் வீட்டை ஒட்டிய வீடு மெத்வல்லியுடையது. நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். அதனால் அவர்கள் சமைத்தது, சண்டை போட்டது, சிரித்தது எல்லாமே எங்களுக்கும் சேர்த்துத்தான். மெத்வல்லி சுமைக்காரன். ஊர்க் கல்யாணங்கள் அவன் முதுகு வழியாகத்தான் மாடியேறின. பட்டறையிலிருந்து அலமாரி, கட்டில், சாப்பாட்டு மேசை. பெண் வீட்டிலிருந்து ஃப்ரிட்ஜ், அடுப்பு, துணி துவைக்கிற மெஷின். தடித்த கயிற்றுப் பட்டையைச் சுமைக்கு அடியில் கொடுத்து, இரண்டு நுனியையும் தோளுக்கு மேல் இழுத்து முறுக்கிப் பிடித்து, "யா முயீன்!" என்று உதவுகிறவனான இறைவனைக் கூப்பிட்டுக்கொண்டு எழுவான். எழுந்த பிறகு பேச மாட்டான். கதவு நிலையில் ஒரு கீறல் விழாமல் திருப்புவதற்கு அவனுக்குக் கண் தேவைப்பட்டதில்லை, முதுகே பார்த்துக்கொள்ளும். அவனுடைய கூட்டாளி ஸக்லூல் கீழேயிருந்து தாங்கிப் பிடிப்பான், அதாவது வாயால். "இடது, இடது... உன் இடது இல்லடா, என் இடது!"

பிறகு ஏணி லாரி வந்தது. லாரி முதுகிலிருந்து ஓர் இரும்பு ஏணி நீண்டு பால்கனியில் போய்ச் சாயும். அதில் ஒரு தட்டு, தட்டில் அலமாரி. ஒருவன் பொத்தானை அழுத்திவிட்டு சிகரெட்டைப் பற்றவைப்பான். சிகரெட் பாதி எரிவதற்குள் அலமாரி ஆறாவது மாடியில் இருக்கும்.

"அதுக்கு முதுகு வலிக்காது, வயிறு பசிக்காது, பொண்டாட்டி கேள்வி கேக்க மாட்டா" என்றான் ஸக்லூல். "நம்மகிட்ட இல்லாதது மூணும் அதுகிட்ட இருக்கு."

அந்தக் குளிர்காலத்தில்தான் கேப்டன் மெத்வல்லியைக் கண்டுபிடித்தான். இரும்பு அரண்மனைக்கு மேலேயே கேப்டனின் வீடு. கேஸ் சிலிண்டரை மேலே கொண்டுபோக ஆள் தேவைப்பட்டது. கேப்டனுக்கு அன்று தோளில் பிடிப்பு. சிலிண்டர் தீரும் நாளெல்லாம் அவனுக்குத் தோளில் பிடிப்பு வரும். மெத்வல்லி ஒரு கையால் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு படியேறியதைப் பார்த்து, கேப்டன் தன் மார்பைத் தடவிக்கொண்டே சொன்னான்.

"மெத்வல்லி, நீ இயற்கையா ஒரு வஹ்ஷ். ஆனா அறிவியல் இல்லாத வஹ்ஷ்."

"அறிவியல் வந்தா என்ன ஆகும் கேப்டன்?"

"ஏணி லாரி உன்னைப் பாத்து ஒதுங்கும்."

அன்று ஒரு கரண்டி கொடுத்தான். டப்பாவுக்குள்ளேயே ஒரு பிளாஸ்டிக் கரண்டி கிடக்கும். மெத்வல்லி குடித்தான். கொஞ்ச நேரத்தில் முகமெல்லாம் எறும்பு ஊர்ந்தது போல இருந்ததாம், காது சுட்டதாம். சாயங்காலம் அவன் ஒரு மூன்று கதவு அலமாரியைத் தலையணை மாதிரி கொண்டுபோய் வைத்துவிட்டு, அடுத்தது எங்கே என்று கேட்டான். கேப்டன் அவனை டப்பாவோடு நிற்க வைத்துப் படம் எடுத்து வாசலில் மாட்டினான். 'தம்யாத்தின் வஹ்ஷ் குடிப்பது வஹ்ஷ்.' இருபது வருடமாக ஃபூல் என்கிற மொச்சை மசியலும் ரொட்டியும் வெங்காயமும் தின்று வளர்த்த முதுகு, ஒரே படத்தில் கேப்டனின் முதுகாகிவிட்டது.

ஸக்லூல் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதுல சின்ன எழுத்துல என்ன போட்டிருக்கு கேப்டன்?"

"எல்லாம் இயற்கைன்னு போட்டிருக்கு."

"இயற்கைக்கு இத்தனை வரியா?"

"ஐரோப்பாவுல ஆராய்ச்சி பண்ணி எழுதினது."

"ஐரோப்பாவுல எங்க?"

"ஐரோப்பாவுலன்னு சொல்றேன்ல!"

சின்ன எழுத்தின் கடைசி வரிகளை யாரும் படிக்க முடியாது. அதன்மேல் கேப்டன் தன் படம் போட்ட ஸ்டிக்கரை ஒட்டியிருந்தான்.

*

மெத்வல்லியின் மனைவி கமாலாத் வீட்டிலிருந்தே சம்பாதிப்பவள். வேலைக்குப் போகும் பெண்களுக்காகச் சுரைப்பிஞ்சு, கத்தரிக்காய் எல்லாவற்றையும் குடைந்து, அரிசி அடைக்கத் தயாராகப் பைகளில் போட்டுக் கொடுப்பாள். குடையும் கம்பியைக் காய்க்குள் விட்டு ஒரு சுழற்று சுழற்றினால் சதை முழுசாக வெளியே வரும், தோல் கிழியாது. பேசிக்கொண்டே செய்வாள். பேச்சு சூடானால் கம்பியும் சூடாகும். அந்தப் பருவத்தில் எங்களுக்கு நிறையக் கிழிந்த கத்தரிக்காய் இலவசமாகக் கிடைத்தது.

"உம் ஸலீம்," என்று ஸலீமின் தாயான என் மனைவியிடம் சொல்வாள், "ராத்திரி அவரு பக்கத்துல படுத்தா, யாரோ கதவைத் தட்டுற மாதிரி இருக்கு. எழுந்து பாத்தா கதவு இல்ல, அவரு நெஞ்சு."

"டாக்டர்கிட்ட கூட்டிப் போயேன்டி."

"கூப்பிட்டா, நான் வஹ்ஷுங்கிறாரு. டீ கிளாசைப் பிடிச்சா கிளாசு ஆடுது. வஹ்ஷுக்குக் கை நடுங்குமா?"

மெத்வல்லியும் உள்ளுக்குள் உணர்ந்திருந்தான். ஒருநாள் மாலை என் வாசலில் வந்து உட்கார்ந்து, கயிற்றுப் பட்டையை மடித்தபடி சொன்னான். "முதல்ல ஒரு கரண்டி என்னைத் தூக்கிச்சு அண்ணே. அப்புறம் ரெண்டு கரண்டி வேண்டியிருந்துச்சு. இப்போ அந்தப் பொடியையும் சேத்து நான்தான் தூக்குறேன்."

"அப்ப விட்டுரு."

"விட்டா பழைய மெத்வல்லியா ஆயிடுவேன்னு பயமா இருக்கு."

"பழைய மெத்வல்லிக்கு என்னடா குறை?"

"அவனுக்கு வேலை இல்லையே."

கடைசியில் கமாலாத் அவனை அரசாங்க ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் மிகவும் சின்னப் பையன். கண்ணுக்குக் கீழே கறுப்பு வளையம். மேசைமேல் ஒரு நீல டின், பாதி குடித்தது.

"என்ன சாப்பிடறீங்க?" என்றார் டாக்டர்.

"எல்லாரும் சாப்பிடறதுதான். ஃபூல், ரொட்டி, சீஸ்..."

"பொடியைச் சொல்லுங்க" என்றாள் கமாலாத்.

"அது சாப்பாடு இல்லம்மா" என்றான் மெத்வல்லி.

"சாப்பாடு இல்லாததைத்தான் சொல்லச் சொல்றேன்."

டாக்டர் நெஞ்சில் கம்பிகளை ஒட்டி, கோடு ஓடுவதைப் பார்த்தார். "இதை இன்னைக்கே நிறுத்தணும். பொடியும் கூடாது, டின்னும் கூடாது. உங்க இதயம் தாளம் தப்பி ஓடுது. கனமான சுமையும் கொஞ்ச மாசத்துக்கு வேணாம்."

மெத்வல்லி மேசையைப் பார்த்தான். "அப்ப இது டாக்டர்?"

டாக்டர் டின்னைப் பார்த்தார், சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். "நேத்துக் காலையில வந்தேன். இன்னும் வீட்டுக்குப் போகல. இது குடிக்கலைன்னா உங்க கோட்டை நான் தலைகீழாப் படிச்சிருப்பேன்." வெட்கப்பட்டு டின்னை மேசைக்கு அடியில் வைத்தார். "நான் சொல்றதைச் செய்யுங்க. செய்யறதைச் செய்யாதீங்க."

திரும்பி வந்ததும் கமாலாத் டப்பாவைக் கவிழ்த்துக் கழிவறையில் கொட்டினாள். சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்குத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

நிறுத்திய வாரம் அவன் தலையைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். மண்டைக்குள் யாரோ ஆணி அடிக்கிறார்கள் என்றான். எழுந்து வேலைக்குப் போனபோது, இரண்டாவது மாடிக்கு ஒரு சின்ன அலமாரி; எங்கள் ஊரில் பெண்கள்கூட நகர்த்திவிடுவார்கள். முதல் வளைவிலேயே அவன் கால் தட்டுத் தடுமாறி, அலமாரியின் கண்ணாடி நொறுங்கியது. மறுநாள் பட்டறைக்காரர் ஏணி லாரியைக் கூப்பிட்டார். அதற்கடுத்த நாளும் அதையே கூப்பிட்டார். பொடியை விட்ட உடம்பு தேறுவதற்குக் கொஞ்ச மாதம் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த மாதங்களில் சாப்பிட எதுவும் டாக்டர் எழுதித் தரவில்லை.

*

நோன்பு வந்தது. கூடவே கமாசீன் காற்றும் வந்தது. பாலைவனம் முழுக்க எழுந்து எங்கள் ஊருக்கு விருந்தாட வந்த மாதிரி வானம் மஞ்சளாயிற்று. பல்லுக்கிடையில் மணல். பெருநாளுக்குக் கல்யாணம் வைத்தவர்கள் எல்லாம் நோன்பின் கடைசி நாட்களில் சீர் ஏற்றுவார்கள்; ஊர் முழுக்க மரச்சாமான் லாரிகள், மேளம், ஹாரன்.

ஹாஜி பஸ்யூனிக்கு மூன்று ஷோரூம். மகளுக்குப் பெருநாள் மறுநாள் கல்யாணம். மாப்பிள்ளை வீடு எங்கள் சந்து முனையில், ஆறாவது மாடி. லாரி லாரியாகச் சீர். அதில் மகுடம், இரண்டு கதவு ஃப்ரிட்ஜ். தண்ணீர் தானாகக் கொட்டும், ஐஸ் தானாக உடையும். அதைத் திறந்தால் உள்ளே விளக்கெரியும் என்பதை ஹாஜி, ஃப்ரிட்ஜ் பார்க்காதவர்களிடம் சொல்வது போல எல்லோரிடமும் சொன்னார்.

அவர் மெத்வல்லி வீட்டுக்கே வந்தார். அவ்வளவு பெரிய மனிதர் உட்காருவதற்கு எங்கள் வீட்டிலிருந்து நாற்காலி போனது. நாற்காலியோடு நானும் போனேன்.

"ஏணி லாரியில வச்சா சிகரெட் அணையறதுக்குள்ள மேல போயிடும்" என்றார் ஹாஜி. "எவன் பாப்பான்? என் மகளோட ஃப்ரிட்ஜ் படி வழியா, மனுஷன் முதுகுல, மாடிக்கு மாடி கதவு திறந்து பாக்கப் போகணும். ஒரே ஆளு. ரெண்டு பேர் தூக்கினா அது சுமை. ஒருத்தன் தூக்கினா அது மரியாதை."

"யாருக்கு ஹாஜி மரியாதை?" என்றான் கதவருகே நின்ற ஸக்லூல்.

"ஃப்ரிட்ஜுக்குடா!" என்று சிரித்துவிட்டு, ஹாஜி மெத்வல்லி பக்கம் திரும்பினார். "நீதான்னு சொல்றான் கேப்டன். இதை ஏத்திக் குடு. பெருநாள் கழிச்சு என் ஷோரூமுக்கு வந்து உக்காந்துக்கோ. சாவி உன் கையில. தூக்குற வேலை கிடையாது. வர்ற ஆளுக்கு வாங்கன்னு சொல்லணும், போற ஆளுக்குப் போய்ட்டு வாங்கன்னு சொல்லணும்."

கமாலாத் கையில் குடைகிற கம்பி நின்றுவிட்டது.

"எப்போ ஏத்தணும் ஹாஜி?"

"சாயங்காலம், அஸர் தொழுகை கழிச்சு. அப்பத்தான் எல்லாரும் வீட்டுல சமைச்சிட்டு, பாங்குக்குக் காத்துக்கிட்டு சும்மா நிப்பாங்க."

நோன்பாளிக்கு நாக்கு மரக்கட்டையாகிற நேரம் அது. மெத்வல்லி தரையைப் பார்த்தான். "நோன்பு திறந்தப்புறம் வச்சுக்கலாமா ஹாஜி?"

"திறந்தப்புறம் எல்லாரும் டிவிக்கு முன்னால போயிடுவான். ஃப்ரிட்ஜை டிவியா பாக்கச் சொல்றே?"

ஹாஜி போனதும் கேப்டன் வந்தான், அக்குளில் தர்பூசணிகளோடும் கையில் புது டப்பாவோடும்.

"டாக்டர் வேணாம்னுட்டாரு கேப்டன்" என்றாள் கமாலாத்.

"டாக்டர் புத்தகத்தைப் படிச்சவரு. நான் உடம்பைப் படிச்சவன்."

"எந்த உடம்பை? உங்க வீட்டு சிலிண்டரை இவரு தூக்கினாரே, அந்த உடம்பையா?"

கேப்டன் காது கேளாத மாதிரி மெத்வல்லியிடம் பேசினான். "நோன்புல ஒரு சிக்கல் இருக்கு. பகல்ல குடிக்க முடியாது. அதனால பகல் பங்கு முழுசையும் விடியறதுக்கு முந்தி சஹர்லயே குடிச்சிடணும். மூணு கரண்டி, ராக்கெட்டுல. ஒட்டகம் தண்ணி குடிக்கிற மாதிரி. அப்புறம் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா உடம்பே எடுத்துக்கும்."

"ஒட்டகம் தண்ணியைக் குடிக்குது" என்றான் ஸக்லூல். "பெட்ரோலைக் குடிக்கறதில்ல."

"உனக்கென்னடா தெரியும்? நீ டீ குடிக்கிறவன்."

"டீ குடிச்சா ஒண்ணுக்குப் போவேன். அதுக்குமேல ஒண்ணும் ஆகாது. அது போதும் எனக்கு."

மெத்வல்லிக்கு வேறு கவலை இருந்தது. மறுநாள் பள்ளியில் தொழுகை முடிந்ததும் ஷேக் அப்துல் கஃபாரிடம் போனான். கேப்டனும் கூட வந்தான், நானும் இருந்தேன். ஷேக் டப்பாவை முகர்ந்து பார்த்தார். பன்றிக் கொழுப்பு உண்டா என்றார். இல்லை என்றான் கேப்டன். சாராயம்? இல்லை. சஹர் முடிவதற்குள் குடித்துவிடுவானா? ஆமாம். பிறகு நாள் முழுக்க வாய்க்குள் எதுவும் போகாதே? போகாது.

"அப்படின்னா நோன்பு முறியாது" என்றார் ஷேக்.

எல்லோருக்கும் நிம்மதி. நோன்பு முறியாது என்று ஆகிவிட்டது. ஆள் முறிவானா என்று கேட்பதற்கு அங்கே யாருக்கும் பட்டம் இல்லை. கடினமான வேலை செய்கிறவன் நோன்பை விட்டுவிட்டுப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்பதையும் ஷேக் சொன்னார். தாழ்ந்த குரலில் சொன்னார். அதற்குள் கேப்டன் எழுந்து கைகொடுத்துக்கொண்டிருந்தான்.

*

சீர் ஏற்றும் நாளுக்கு முந்தின பகலில் கமாலாத் என் மனைவியோடு உட்கார்ந்து திராட்சை இலைகளை வெந்நீரில் வாட்டிக்கொண்டிருந்தாள்.

"நேத்துவரை அந்த டப்பாவை உடைக்கணும்னு இருந்தேன் உம் ஸலீம்."

"இன்னைக்கு?"

"இன்னைக்கு நாற்காலியை நெனச்சுட்டேன்." இலையை விரித்து நரம்பைக் கிள்ளினாள். "முதுகு சாயற நாற்காலி. அவரு இத்தனை வருஷமா ஜனங்களுக்கு நாற்காலி சுமந்தாரே தவிர ஒருநாள் அதுல சாஞ்சதில்ல. நாலு மாடி ஏறி சோபாவை வச்சாருன்னா, அதுமேல உக்காராதே வேர்வை ஒட்டிக்கும்பாங்க."

"டாக்டர் சொன்னதை யோசிச்சியா?"

"யோசிச்சேன். டாக்டர் கொஞ்ச மாசம் சும்மா இருக்கச் சொன்னாரு. இதை ஏத்திட்டா ஆயுசுக்கும் சும்மா இருக்கலாம். ஒரே ஒரு தடவை. அதுக்கப்புறம் அந்தக் கேப்டன் முகத்துலயே டப்பாவை எறிஞ்சுடுவேன்."

"பொடி இல்லாம ஏத்த முடியாதா?"

"சின்ன அலமாரியையே போட்டுட்டாரே." இலைகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள். "நீ சொல்லு. நீயா இருந்தா என்ன பண்ணுவே?"

என் மனைவி வாட்டிய இலைகளை வடித்து அவள் முன்னால் வைத்தாள்.

அன்றிரவு சஹருக்கு அவர்கள் எழுந்த சத்தம் எங்களுக்குக் கேட்டது. ஃபூல் பானையின் மூடி, தட்டு, தயிர்ப் பாத்திரம். பிறகு டின் திறக்கும் சீற்றம். ஏதோ சிந்தியது.

"குடுங்க இப்படி, நான் கலக்குறேன்" என்றாள் கமாலாத்.

"சரியா மூணு போடு."

"தெரியும்."

கிளாசில் கரண்டி சுற்றுகிற சத்தம் நீண்ட நேரம் கேட்டது. பொடி கட்டியில்லாமல் கரைய வேண்டும் என்பதில் அவள் கவனமாக இருந்தாள். எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்கிறவள்.

*

மறுநாள் வெயில் மஞ்சள் தூசிக்குள் வெந்துகொண்டிருந்தது. அஸர் முடிந்ததும் மேளம் வந்தது, லாரிகள் வந்தன, ஹாஜி வந்தார். ஃப்ரிட்ஜுக்குச் சிவப்பு ரிப்பன் கட்டி நடுவில் பூ வைத்திருந்தார்கள். மணப்பெண்ணுக்குக்கூட அவ்வளவு பெரிய பூ இருக்காது. கேப்டன், கைபேசியை உயர்த்திப் படம் எடுத்தபடி முன்னால் நின்றான்.

மெத்வல்லியின் முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. வேர்க்கவில்லை. அந்த வெயிலில் எங்கள் எல்லோருக்கும் வேர்த்தது, அவனுக்கு இல்லை.

"எப்படிடா இருக்கு?" என்றான் ஸக்லூல், இந்தத் தடவை மெதுவாக.

"காதுக்குள்ள மேளம் அடிக்குது."

"வெளியிலயும் அடிக்குதுடா."

"அது வேற. இது வேற."

"வேணாம்டா. நானும் ஒரு பக்கம் பிடிக்கிறேன். ஹாஜி என்ன, கொன்னா போடுவான்?"

"கிட்ட வராதே" என்றான் மெத்வல்லி. பட்டையைக் கொடுத்து முறுக்கினான். "யா முயீன்!"

ஃப்ரிட்ஜ் எழுந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். முதல் மாடியில் கதவுகள் திறந்தன, இரண்டாவதிலும் திறந்தன. மூன்றாவது மாடியில் ஒரு குழந்தை ரிப்பனைத் தொட்டது. அதன் தாய் கையில் அடித்தாள். நான்காவதில் வாத்து வறுபடும் வாடை படிக்கட்டு முழுக்க. "சபாஷ் வஹ்ஷ்!" என்றார்கள். ஹாஜி இரண்டு படி பின்னால் ஏறினார், மூச்சு வாங்கிக்கொண்டு. தூக்காமல் ஏறுவதே அவருக்குச் சுமை. "சுவர்ல உரசாம, சுவர்ல உரசாம!" என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஐந்தாவது மாடி வளைவில் மெத்வல்லி நின்றான். திரும்ப வேண்டும். திரும்பவில்லை. முதுகைச் சுவர்ப் பக்கம் சாய்த்து, ஃப்ரிட்ஜைச் சுவரோடு அணைத்துக்கொண்டான். முழங்கால் மெல்ல மடங்கியது, யாரோ மேலிருந்து பக்குவமாக இறக்கி வைப்பது போல. கயிற்றை அவன் விடவில்லை. ஃப்ரிட்ஜ் படியில் உட்கார்ந்தபோது டக் என்றுகூடச் சத்தம் வரவில்லை.

"பிடிங்க! பிடிங்க!" என்று ஸக்லூல் அலறினான். மேலேயும் கீழேயுமிருந்து ஆட்கள் ஓடி வந்து பிடித்தார்கள். ஃப்ரிட்ஜைப் பிடித்தார்கள். அது சரியாக நிற்கிறது என்று தெரிந்த பிறகுதான், அதன் முன்னால் குந்தியிருந்தவன் முகத்தை ஒருவர் நிமிர்த்திப் பார்த்தார்.

"கீறல் விழுந்துச்சா?" என்றார் ஹாஜி கீழிருந்து. அவரை முழுக்கக் குறை சொல்ல முடியாது. அங்கிருந்து அவருக்கு ஃப்ரிட்ஜின் பின்பக்கம் மட்டும்தான் தெரிந்தது.

நாங்கள் அவனைப் போர்வையில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். சுமக்கத் தெரியாதவர்கள், எல்லா வளைவிலும் அவன் கால் சுவரில் இடித்தது. துக்துக் ஆட்டோவில் ஏற்றும்போது பாங்கு சொன்னார்கள். யாரோ பேரீச்சம்பழத் தண்ணீரை அவன் உதட்டில் தடவினார்கள், நோன்பு திறக்கட்டும் என்று. தண்ணீர் கன்னத்து வழியாக வழிந்தது.

கமாலாத் சந்து முனையில் நின்றிருந்தாள். மாவு ஒட்டிய கை. துக்துக்கின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டர். கமாலாத்தைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்தது. தலை குனிந்துகொண்டார்.

*

அவன் பாங்குக்கு முன்னால் இறந்தானா, பின்னாலா என்பது ஊரில் மூன்று நாள் விவாதம். முன்னால் என்றால் நோன்பாளியாக மவுத்தானவன், அதற்குத் தனி நன்மை. ஸக்லூல் வளைவிலேயே போய்விட்டான் என்றான். துக்துக் டிரைவர் உதடு அசைந்தது என்றான். ஷேக் அப்துல் கஃபார் முன்னால்தான் என்று முடிவு செய்தார். அதனால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

ஃப்ரிட்ஜ் மறுநாள் காலை ஏணி லாரியில் மேலே போனது.

துக்கப் பந்தலில் சர்க்கரை போடாத காபி கொடுத்தார்கள். கேப்டன் கறுப்புச் சட்டையில் வந்தான். அவனுக்கு ஒரு அளவு சிறிய சட்டை.

"தண்ணி நிறையக் குடிச்சிருக்கணும்" என்றான். "நான் அப்பவே சொன்னேன். தண்ணி இல்லாம இதை எடுக்கக்கூடாது."

"நோன்புலயா குடிப்பான்?" என்றான் ஸக்லூல்.

"அதைத்தான் நானும் சொல்றேன். பொடி மேல தப்பில்ல."

இரும்பு அரண்மனை வாசலில் மெத்வல்லியின் படத்துக்கு ஓரத்தில் கறுப்பு நாடா ஒட்டினார்கள். டப்பாவோடு நிற்கிற அதே படம். தனி ஆளாக ஐந்து மாடி ஏற்றியவன் என்று பேச்சுப் பரவி, பெருநாளுக்குள் கேப்டனிடம் சரக்கு தீர்ந்துபோயிற்று. ஹாஜி துக்கத்துக்கு ஓர் ஆட்டை அனுப்பினார். ஷோரூம் நாற்காலியில் அவர் மனைவியின் தம்பி உட்கார்ந்தான்.

ஸக்லூல் கொஞ்ச நாள் டீக்கடையிலேயே இருந்தான். பிறகு ஒரு மாலை, இரும்பு அரண்மனை வாசலில் நிற்பதைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் பார்வையைத் திருப்பினான்.

"ஒரே ஒரு கரண்டிதான் அண்ணே" என்றான். "இனிமே நான் தனி ஆளுதானே."

இதெல்லாம் பிறகு. துக்கத்தின் மூன்றாம் நாள், பெண்கள் பக்கத்தில் நடந்ததை என் மனைவி சொன்னாள். வீட்டுக்குள் கறுப்புத் துணிகளாக நிறைந்திருந்தது. பள்ளியில் ஷேக் பேசியதை யாரோ வந்து சொன்னார்கள்: ஹலாலான உழைப்பில், நோன்போடு போனவன், அவனுக்குக் கடைசி சஹரைக் கொடுத்த கைக்கும் அந்த நன்மையில் பங்குண்டு. கேட்டதும் பெண்கள் எழுந்து கமாலாத்திடம் வந்தார்கள். முதலில் ஹாஜியின் மனைவி. குனிந்து அவள் வலது கையை எடுத்து முத்தமிட்டாள்.

கமாலாத் கையை இழுத்துக்கொண்டாள். "பொடியை நான்தான் கலக்கினேன்" என்றாள்.

"அழும்மா, அழு. அழுதா இறங்கும்."

"அழல. சொல்றேன். மூணு கரண்டி. நல்லாக் கரையட்டும்னு ரொம்ப நேரம் கலக்கினேன். டாக்டர் வேணாம்னாரு. தெரிஞ்சுதான் குடுத்தேன்."

"எதுவா இருந்தா என்ன, சஹர் குடுத்த கைம்மா" என்றாள் ஹாஜியின் மனைவி. மறுபடி எடுத்து முத்தமிட்டாள்.

பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. கமாலாத் இன்னொரு தடவை சொன்னாள், இன்னும் கொஞ்சம் சத்தமாக. அடுத்தவள், பாவம், மூளை கலங்கிப்போச்சு என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். அதற்குமேல் கமாலாத் கையை மடியில் வைத்து, அது தன்னுடையது இல்லை என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவர் பின் ஒருவராக வந்து எடுத்தார்கள், முத்தமிட்டார்கள், திரும்ப மடியில் வைத்தார்கள்.